மூன்று தரம் கேட்ட பூ

என் அப்பாவைப் பற்றி ஊரில் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். நிதானமான மனுஷன், அவசரப்பட மாட்டார், நாலு பேரைக் கேட்டுத்தான் எதையும் செய்வார் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த நிதானத்தில் வெந்தவள் நான். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. இதற்கு மேலும் மூடிவைத்து என்ன ஆகப்போகிறது?

தியாகதுருகத்துக்கும் எலவனாசூர்கோட்டைக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். டீச்சர் ட்ரெயினிங் முடித்து, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு மூன்று வருஷமாகத் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். அடுத்த திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அதிலேயே அடித்திருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனம் ரோட்டில் இறங்கிய காலம் அது. பெரிய மறியல் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. என்றைக்கு, எத்தனை நாள் என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆரம்பித்து ஒரு வாரம் என்றான் டீக்கடைக்காரன். ஒரே நாள்தான், சும்மா பயம் காட்டுறாங்க என்றார் பக்கத்து நிலத்துக்காரர். அதெல்லாம் தள்ளி வெச்சுட்டாங்க, உளுந்தூர்பேட்டையில் சொன்னாங்க என்று இன்னொருத்தர் வந்தார். மறியலுக்கு முன்னால் மலை ஏறிவிட்டால் வேலை எனக்கு. அவ்வளவுதான் விஷயம். வியாழக்கிழமை மதியம் பஸ் ஏறினால் போதும். குழந்தைக்குக்கூடப் புரியும்.

எங்கள் அப்பாவுக்குப் புரியவில்லை. புரியாமல் என்ன, புரிந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை முழுக்க சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றினார். உளுந்தூர்பேட்டையில் கிளார்க்காக இருந்த சித்தப்பாவைக் கேட்டார். அவர், "ஆர்டருக்கெல்லாம் டைம் குடுப்பாங்கண்ணே, அவசரம் இன்னா?" என்றாராம். லாரி ஓட்டுகிறவர் ஒருத்தரைக் கேட்டார். அவர், "ஏறுனா எறங்க முடியாதுங்க, மேலயே மாட்டிக்கினு கெடக்கணும்" என்றாராம். கட்சிக்காரர் ஒருத்தர், மறியல் ஜெயித்தால் உன் பொண்ணுக்கு உள்ளூரிலேயே வேலை வரும், மலையில் ஏன் கொண்டுபோய் தள்ளுற என்று கேட்டாராம். இன்னும் ரெண்டு பேரைக் கேட்டார். யார் எதைச் சொன்னாலும் அப்பா, "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். பொழுது சாயும்போது ஐந்து பேருடைய யோசனை கையில் இருந்தது. அவருடையது ஒன்றுகூட இல்லை.

"பாக்கலாம்," என்றார் சாப்பிட உட்கார்ந்தபோது.

அம்மா சோற்றுக் கரண்டியை ணங்கென்று வைத்தாள். "போவட்டும்னா போவட்டும்னு சொல்லுங்க. வாணாம்னா வாணாம்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ண சொல்லித் தொலைங்க. பொட்டிய கட்டறதா, அவுக்குறதா?"

"ஆத்தாகிட்ட பூ கேட்டுடலாம்," என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பூ கேட்காமல் ஒன்றும் நடக்காது. பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, ஆபரேஷன் செய்துகொள்வது, எல்லாவற்றுக்கும் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை ஒரு காகிதத்திலும் ஒரே மாதிரி மடித்து மாரியம்மன் காலடியில் போட்டு, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வது. எது வந்தால் சரி, எது வந்தால் கூடாது என்று முதலிலேயே ஆத்தாவிடம் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. கண்ணு தெரியாத இடத்தில் ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறோம், அவ்வளவுதானே. பிடித்த கையை உதறிவிட்டு வேறு கையைத் தேடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

வியாழக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் போனோம். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் நிற்பது என்று அப்பா உரக்கச் சொன்னார். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்பா நகரவில்லை. "ஒரு வாட்டி போதாது பூசாரி. நான் சரியா வேண்டிக்கல. இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டார்கள். மறுபடியும் வெள்ளை.

"மூணாத்தான் கேக்கறது மொற," என்றார் அப்பா. அவர் முகத்தில் வேர்த்திருந்தது. பூசாரி ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்துப் போட்டார். மூன்றாவது தரம் பிரித்தபோது செவ்வரளி. அப்பா அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கடைசியா சொன்னதுதான் ஆத்தா வாக்கு. ஆத்தா காப்பாத்துனா." அடப்பாவி மனுஷா! ரெண்டு வெள்ளைக்கு ஒரு சிவப்பு. கணக்கு வாத்தியார் வேலைக்குப் போகப்போகிறவள் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கே கணக்கு சொன்னார். சிவப்பு முதலிலேயே வந்திருந்தால் அத்தோடு எழுந்து வந்திருப்பார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவக்கூட இல்லை, வாசலில் அவர் வந்து நின்றார். அவரென்றால், எங்கள் கரும்பு வெட்டுகிற ஆள். காலனியில் வீடு. அவருடைய மகளும் நானும் ஒன்றாகத்தான் ட்ரெயினிங் படித்தோம். ஊருக்குள் என்னை "வாங்க போங்க" என்பாள். பஸ் தியாகதுருகத்தைத் தாண்டியதும் "வாடி போடி" என்பாள். எனக்கு அந்த வாடிதான் பிடிக்கும். அவளுக்கும் அதே செவ்வாய்க்கிழமை, அதே பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் வந்திருந்தது.

அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா, மறியல்னு சொல்றாங்க. பொண்ண இட்டுக்கினு போலாமா வாணாமான்னு ஒண்ணும் புரியலீங்க. நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்," என்றார். அவர் கண்ணில் இருந்த பயம் அப்பா கண்ணில் இருந்ததைவிடப் பெரிசு. ரோட்டில் கத்தியோடு நிற்கப்போவது எங்கள் ஆட்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் அவர் கதி என்ன என்று அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அப்பா ஒரு நொடி யோசிக்கவில்லை. "இதுல இன்னாடா யோசன? மதியம் பஸ்ஸுக்கு இட்டுக்கினு போ. சர்க்காரு வேல, வுட்டா வருமா? உம் பொண்ணுக்கு இன்னா வந்துடப் போவுது?"

நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை தெளிவாக அப்பா பேசி நான் கேட்டதே இல்லை. ரெண்டு நாளாக ஐந்து பேரிடமும் ஆத்தாவிடமும் தேடித் திரிந்த பதில் அவர் நாக்கு நுனியிலேயே இருந்திருக்கிறது. அடுத்தவன் பெண்ணுக்கு என்றதும் பட்டென்று விழுந்தது. அவளுக்கு ஏதாவது ஆனால் நஷ்டம் இவருக்கில்லை. அதிலும் அவள் காலனிப் பெண். சந்தேகமெல்லாம் சொந்தச் சதைக்கு மட்டும்தான்.

ரெண்டு பெண்கள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், துணைக்கு ஒரு ஆண்பிள்ளை. மலையில் ஒரு அறை எடுத்து ரெண்டு பேரும் தங்கிக்கொண்டால் தீர்ந்தது. தனியாக எப்படி அனுப்புவது, எங்கே தங்குவாள், சமைத்துக்கொள்வாளா என்று ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட வீட்டில் இந்த யோசனை ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அவளோடு ஒரே அறையில், ஒரே அடுப்பில் என் மகள் என்று யார் சொல்வது? அம்மா சொல்லவில்லை. சித்தப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அப்பா திரும்பினார். நான் நடையில் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது. "நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார்.

கேட்டார். சத்தியமாகக் கேட்டார். பெட்டி கட்டி மூலையில் இருந்தது. பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருந்தது. போறேன்பா என்று ஒரு வார்த்தை. மலை, மழை, அட்டைப்பூச்சி, தெரியாத ஊர், அவளோடு போய் நின்றால் சொந்தக்காரர்கள் பேசப்போகும் பேச்சு எல்லாம் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றது.

"உங்க இஷ்டம்பா," என்றேன்.

மதியம் எங்கள் வரப்பு வழியாகத்தான் அவர்கள் போனார்கள். அவர் தலையில் தகரப்பெட்டி. பின்னால் அவள், மஞ்சள் பையோடு. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மரங்கள் விழ ஆரம்பித்தன. ரோட்டோரத்துப் புளியமரங்கள், எங்கள் பாட்டன் காலத்து மரங்கள். முன்னால் நின்று கோடாலி போட்டவர்களில் என் அப்பாவும் ஒருத்தர். சாயங்காலம் சட்டையெல்லாம் மரத்தூளோடு வந்து ரெண்டு ஆள் சோறு தின்றார். மரத்தை வெட்டலாமா வேண்டாமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. எந்த ஆத்தாவிடமும் பூ போடவில்லை. நூறு பேர் ஒன்றாகக் கத்தினால் மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல் வந்துவிடுகிறது! என் வேலைக்குப் போகும் ரோட்டில் என் அப்பாவே மரத்தைப் போட்டார், எனக்கு வேலை வேண்டும் என்று கேட்பதற்காக. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ஒரு வாரம் பஸ் இல்லை, தபால் இல்லை. வழி திறந்ததும் அப்பா என்னைக் கடலூர் ஆபீசுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாள் தாண்டிவிட்டது, அடுத்த ஆளுக்கு ஆர்டர் போய்விட்டது என்றார். அப்பா என்னைப் பார்த்து, "பாக்கலாம்மா, வேற வரும்," என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். நான் தின்றேன்.

ஒதுக்கீடும் பிறகு வந்தது. அப்பா ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, கையில் பிள்ளை. என் வீட்டுக்காரரும் அப்பாவைப் போலவே எதற்கும் "பாக்கலாம்" என்கிற ஆள்தான். தேடிப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். வேறு ஆர்டர் எனக்கு வரவே இல்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள், அந்தக் கரும்பு வெட்டுகிறவர் மகள், எங்கள் அப்பாவைப் பார்க்க வந்தாள். கள்ளக்குறிச்சியில் வீடு கட்டியிருக்கிறாள். மலையில் பதினாறு வருஷம், அப்புறம் கீழே, தலைமை ஆசிரியையாக ரிட்டயர் ஆகிவிட்டாள். வெள்ளைக் கார், கண்ணாடி, நரைத்த முடி. நானும் அன்று அப்பாவுக்கு மருந்து கொடுக்க வந்திருந்தேன். அப்பாவுக்கு எண்பத்தேழு, நாற்காலியில் ஒடுங்கிப்போய்க் கிடந்தார்.

"எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாருங்க ஐயா," என்றாள். "ஐயா அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லலன்னா நாம கரும்புலதான் கெடந்திருப்போம்னு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அப்பா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நிமிர்ந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் ஒரு நொடி யோசிக்கலியேம்மா. பட்டுனு சொன்னேன் இல்ல?"

"ஆமாங்க ஐயா."

காப்பித் தம்ளரோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். உறைத்திருந்தால் அதைவிடக் கேவலம்.

கார் வரைக்கும் அவளோடு போனேன். கதவைத் திறந்தவள் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டாடி? அன்னிக்கு தியாகதுருகத்துல பஸ் ஏறுனதும் எம் பக்கத்துல துண்டு போட்டு உனக்கு எடம் புடிச்சேன். கள்ளக்குறிச்சில மாறுனப்பவும் போட்டேன். கெளம்புற வரைக்கும் வாசல பாத்துக்கினே இருந்தேன். கச்சிராயபாளையத்துல ஒரு பொம்பள கொழந்தையோட நின்னுக்கினு வந்துச்சு, அப்பதான் எடுத்தேன். நீ எப்பிடியும் வந்துருவன்னு நெனச்சேன். ஏன்டி வரல?"

முப்பத்தைந்து வருஷமாகக் கட்டின புருஷனிடம், பெற்ற பிள்ளைகளிடம், கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அதையே அவளிடமும் சொன்னேன்.

"அப்பா வுடல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ட்ரெயினிங்குக்கு ஒரே பஸ்ஸில் ரெண்டு வருஷம் என்னோடு வந்தவள், என்னை அவளுக்குத் தெரியாதா? கையை மெதுவாக விட்டாள்.

"சரிங்க," என்றாள். "வரேங்க."