அண்ணன் மகன் என்று எழுதிக் கொடுத்த அறை

லியென் அக்காவின் கையால் அடி வாங்காதவர்கள் எங்கள் சந்தில் குறைவு. சைகோனுக்கு வடக்கே, செருப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது அந்தச் சந்து. சந்தையில் இருபது வருஷம் பன்றி வெட்டிச் சம்பாதித்ததில் பத்து அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். மூன்றாம் அறையில் நான். துணி திருட வந்தவனின் விரல்களை அவள் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அவளைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது வரி அதிகாரியிடம்தான். வருஷ வாடகை பத்துக் கோடி டாங்கை, அதாவது சுமார் நாலாயிரம் டாலரைத் தாண்டினால் வரி. பத்து அறைக்கும் உண்மையைச் சொன்னால் தாண்டிவிடும். அதனால் சந்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நாலு அறைக்காரர்கள் சொந்தக்காரர்கள், சும்மா தங்கியிருக்கிறார்கள் என்று தங்கியிருப்போர் பதிவேட்டில் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கினாள். நான் சித்தி மகள். ஏழாம் அறையில் இருந்த லாரிக்காரன் பாங், அண்ணன் மகன். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து உறவுமுறை ஒப்பிக்கச் சொன்னாள். தடுமாறியவர்களுக்குத் தலையில் குட்டு.

அதிகாரி வந்து, நம்பி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் பாங் வாடகை தரவில்லை.

"சொந்த அண்ணன் மகன்கிட்ட யாராவது வாடகை கேப்பாங்களா, அத்தை?" என்றான், பல் குத்திக்கொண்டே.

மீறிக் கேட்டால் வரி அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றான். அக்கா அதற்குப் பிறகு அவனிடம் வாடகை கேட்கவில்லை. அதோடு அவனுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. முன்பெல்லாம் அவளுக்குப் பயந்து பெண்டாட்டி ட்ராமைச் சத்தமில்லாமல் அடித்தவன், இப்போது கதவைத் திறந்துவைத்தே அடித்தான். பெல்ட்டால், சட்டியால். ஒரு தடவை கொதிக்கிற சூப்பை அவள் முதுகில் ஊற்றினான்.

அக்கா போலீஸைக் கூப்பிட்டாள். வந்தவர் தங்கியிருப்போர் பதிவேட்டைப் புரட்டினார். அண்ணன் மகன் என்றுதானே இருக்கிறது, குடும்பச் சண்டையைக் குடும்பத்துக்குள்ளேயே பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. என் கையெழுத்தும் அந்தப் பொய்யில் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ட்ராமின் தலை சுவரில் மோதுகிற சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அவள் அலறல் நின்றுபோனது. அக்கா பன்றி வெட்டும் கத்தியோடு ஓடினாள். பாங் தாழ் போட்டிருந்தான். நாலே வெட்டில் கதவு பிளந்தது. ட்ராம் தரையில் கிடந்தாள், இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அவன் நாற்காலியை ஓங்கினான். அக்கா கத்தியைத் திருப்பி அதன் முதுகால் அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மனசு நிறைந்தது.

அதே போலீஸ்காரர் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவனைக் காட்டி, இவன் உங்களுக்கு என்ன உறவு என்று அக்காவிடம் மறுபடியும் கேட்டார்.

"வாடகைக்காரன்," என்றாள் அக்கா. "எட்டு மாசமா வாடகை தரல. நாலு அறைக்காரங்களும் எனக்குச் சொந்தமில்ல, நான் சொன்னது பொய். எழுதிக்குங்க."

பாங்கை ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து சிறைக்கும் கொண்டுபோனார்கள். அக்காவுக்குக் கை நீட்டியதற்கு அபராதம், மூன்று வருஷத்து வரி, அதற்குமேல் தண்டம். தன் சின்ன ரப்பர் தோட்டத்தை விற்றுக் கட்டினாள். ட்ராமின் இடது காது போனது போனதுதான். போக இடமில்லாமல் ஏழாம் அறையிலேயே இருந்தாள். அக்கா வாடகை கேட்கவில்லை, சோறும் போட்டாள்.

அடுத்த வருஷம் வரி அதிகாரி வந்து ஏழாம் அறையைப் பற்றி விசாரித்தார்.

"அதுக்கு நான் வாடகை வாங்கல. இவ என் மக மாதிரி."

அவர் சிரித்தார். போன தடவை அண்ணன் மகன், இந்தத் தடவை மகளா என்று கேட்டுவிட்டு, பத்து அறைக்கும் வரி எழுதினார். அக்கா கை ஓங்கிவிடுவாளோ என்று நான் பயந்தேன். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவர் என்ன சொன்னார் என்று ட்ராம் வலது காதைத் திருப்பிக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. போய்ச் சோறு தின்னு," என்றாள் அக்கா.