காலி வண்டியும் கல் லோடும்

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. முப்பது நாள் கரண்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆளே போய்விடுவார் என்று தஞ்சாவூரில் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வோம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"அது என்ன வேகத்துல வருமாம்?" என்று என்னைக் கேட்டார்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு அவர் போகாத ஊரில்லை. அவரைப் பொறுத்தவரை ஆளைக் கொல்வது வேகம் ஒன்றுதான். "டார்ச் வெளிச்சம் தோல்லயே நின்னுருது. இது உள்ளுக்குள்ள வரைக்கும் போகுதுன்னா எம்புட்டு வேகமா வரணும்? வேணாம் ஆத்தா."

நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். விடுவேனா? "வேகம் எல்லாத்துக்கும் ஒன்னுதான்ப்பா. டார்ச் வெளிச்சம், ரேடியோ அலை, செல்போன் சிக்னல், எக்ஸ்ரே, இந்தக் கரண்டு எல்லாமே செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர். ஒன்னை ஒன்னு ஓவர்டேக் பண்ணவே முடியாது."

"அப்ப வித்தியாசம் எதுல?"

"லோடுல. காலி வண்டியும் கல் லோடு வண்டியும் ஒரே அறுபதுல வருது. மோதுனா ரெண்டும் ஒன்னா? டார்ச் காலி வண்டி. இது லோடு வண்டி."

வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் கல் லோடு! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் அவரே வந்து, "அந்த மிஷினை ஓட்டுறவங்களப் பாக்கணும்" என்றார்.

கூட்டிப் போனேன். மிஷினை இயக்குவது ஒரு சின்னப் பெண். அப்பா கிட்டே போய் அவள் கண்ணை உற்றுப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. லாரியில் ஸ்டியரிங் மாற்றிக் கொடுக்கும்போது, அடுத்த டிரைவரின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இவர் இறங்குவார்.

"ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாம்மா?"

அவள் சிரிக்காமல், "தூங்குனேங்கய்யா" என்றாள்.

அன்றைக்கே, சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்கப் போடும் முகக்கவசத்துக்கு அளவு கொடுத்தார்.

அதன்பின் தினமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் வாரம் தொண்டை வெந்து குரல் சுத்தமாக அடங்கிவிட்டது. கடைசி வாரத்தில் ஒருநாள் அந்தப் பெண் லீவு. புதிதாக ஒருவர் நின்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மேசையில் ஏறாமல் என்னைப் பார்த்து, தன் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார்.

வேறு வழியில்லை. நான் அந்த மனிதரிடம் விஷயத்தைச் சொல்லி, கிட்டே போய்க் கண்ணைப் பார்த்தேன். சிவப்பில்லை. தலையாட்டினேன். அப்பா ஏறிப் படுத்தார்.

எல்லாம் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். தகரத்தைத் தேய்த்ததுபோல ஒரு குரல் வந்தது.

"நீ தூங்குனியா ஆத்தா?"