உணவு: சைவம்

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு சித்தி வீட்டுக்கு வந்தேன். பெட்டி வைக்க இடமில்லை. சித்தி எனக்கென்று ஒதுக்கிய கட்டிலில் பன்னிரண்டு மிருகங்கள் படுத்திருந்தன, ஒவ்வொன்றும் ஒரு காகித உறைக்குள்.

சித்திக்கு வேலை பல்செட் செய்வது. இருபத்தாறு வருடமாக, யார் யாரோ கடித்துக் கொடுத்த அச்சுகளுக்கு நடுவேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டிப் பூதங்களோடு மோதும் விளையாட்டு.

"இல்லாத பூதம் எதுக்கு? நிஜமாவே இருந்து செத்ததுங்க வரிசையா நிக்குதே" என்பாள். அப்படித்தான் ஆதிகால விலங்குகளுக்குப் பலம், வேகம், கோபம் என்று எண் போட்டு, விலங்குக்கு ஓர் உறையாகச் சேர்க்க ஆரம்பித்தாள். புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளரும் கிடைத்தார்.

தகராறு பன்னிரண்டாவதில் வந்தது. அரிவாள் நகத்தான் என்று சித்தி பெயர் வைத்த டைனோசர். கை நீளத்துக்கு நகம். அதன் மண்டையோடு இன்னும் கிடைக்கவில்லை. அதன் பங்காளி இனங்களின் பற்கள்தான் கிடைத்திருக்கின்றன. தழை மெல்லும் பற்கள். சித்தி முதல் வரியிலேயே எழுதிவிட்டாள்: உணவு: சைவம்.

பதிப்பாளர் படத்தோடு பட்டறைக்கே வந்தார். படத்தில் வாய் நிறைய ரம்பப் பல்.

"சைவத்தைப் பார்த்து யாரும்மா பயப்படுவா? கடிக்கிற மாதிரி மாத்திக் குடுங்க. இல்லேன்னா இது வேண்டாம், பதினொண்ணு போதும்."

"சார், நீங்க கடிக்கிற கடியே நான் செஞ்சது. எந்தப் பல்லு எதை மெல்லும்னு எனக்கே சொல்றீங்களா? இது இல்லேன்னா பதினொண்ணும் இல்ல."

அவருடைய மேல்வரிசையில் நாலு பல் சித்தி கைவேலை. வாயை மூடிக்கொண்டார்.

"அஞ்சு வருஷ உழைப்பு. ஒரு வாய்ப் பல்லுக்காகவா இந்த வீம்பு?" என்றார் சித்தப்பா.

"பல்லு தப்பா இருந்தா வாயே தப்பு."

"வீட்ல ஒரு டைனோசர் போதாதுன்னு..." என்று அவர் என்னிடம் முணுமுணுத்தார்.

சித்தி பதிப்பாளருக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்து ஆடுங்க சார். இதுகிட்ட பொழைச்சீங்கன்னா எத்தனை பல்லு வேணும்னாலும் வரைஞ்சுக்கோங்க."

வந்தார். அவர் வாள்வீரன், நான் வில்லாளி. சித்தி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்: "ஆத்தங்கரை. வெட்டவெளியில ஒரே மரம். நகத்தான் தழை தின்னுட்டிருக்கு. உங்களைக் கண்டுக்கவே இல்ல."

"நான் சுத்திப் போறேன்" என்றேன். தெரியாத ஊரில் சாப்பிடுகிறவனைத் தொந்தரவு செய்வதில்லை.

பதிப்பாளர் சிரித்தார். "சைவம்தானே. நான் அந்த மர நிழல்லயே உக்கார்றேன்."

சித்தி பகடையை உருட்டினாள். "கிளையை இழுக்குது. நடுவுல நீங்க."

நகத்தின் ஒரே வீச்சு. அவருடைய தாளில் வாள்வீரனின் உயிர் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"கடிக்கவே இல்லையே."

"கடிக்கும்னு நானா சொன்னேன்?"

அவர் தாளை மடித்து வைத்தார். "சரி, பல்லை அழிக்கச் சொல்றேன். சைவம்ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடலாமே. அதை நம்பித்தான் நானே செத்தேன்."

"அதனாலதான் சார் அது முதல் வரி."

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் நகத்தான் வாயை மூடியபடி நிற்கிறது. சித்தப்பா சமையலறை வாசலில் நின்று சத்தமாகப் படித்தார்: "உணவு: சைவம். குறுக்கே நிற்காதீர்கள்."

உள்ளே இருந்து சித்தி தட்டோடு வந்தாள். அவர் ஓரமாக நகர்ந்துகொண்டார்.