டபுள் விசில்

விழுப்புரத்தில் இன்றைக்கும் ஃபிளாப்பி தேடி அலைகிற ஆள் யார் என்று கேட்டால், பழைய சாமான் கடை சேட்டு யோசிக்காமல் சொல்லிவிடுவார்: "நம்ம ஜெசிந்தாம்மாதாங்க."

ஜெசிந்தா பிளவுஸுக்கும் பள்ளிச் சீருடைக்கும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டுத் தருகிறார். அவருடைய மெஷின் ரொம்பப் பழையது. பூவோ மயிலோ, டிசைனை ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். புது ஃபிளாப்பி கடைகளில் கிடைப்பதில்லை. எங்காவது பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டினால், கூட வரும் ஃபிளாப்பிகளைச் சேட்டு இவருக்கென்று எடுத்துவைப்பார். அதில் இருப்பதை அழித்துவிட்டு ஜெசிந்தா தன் டிசைன்களை ஏற்றிக்கொள்வார்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்தார் சேட்டு.

"திண்டிவனத்துல ஒரு வூட்ட காலி பண்ணாங்க. பரண்மேல கெடந்துச்சு. ஜல்தியா பாத்து எடுத்துக்கோங்க, வெளிய லோடு நிக்கிது."

ஜெசிந்தா ஒவ்வொன்றாகச் சொருகி அழித்துக்கொண்டே வந்தார். நீல நிற ஃபிளாப்பி ஒன்றைக் கையிலெடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். மேலே ஒட்டியிருந்த தாளில் 'டபுள் விசில் 1' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 'டபுள் விசில் 2'.

"இதுங்கள மட்டும் தொட மாட்டேன் சேட்டண்ணா" என்றார். சேட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஜெசிந்தாவுக்கு. அப்பாவும் அம்மாவும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளில் கூலி வேலை செய்தவர்கள். தொண்ணூற்றொன்பதில் ப்ளஸ் டூ முடித்த மகளை, திண்டிவனத்தில் மாடிமேல் நடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் சூர்யகலா. எல்லோருக்கும் கலா மிஸ். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பிள்ளைகளைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்.

தமிழ் டைப்பிங் வகுப்பில் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். மிஸ் திட்டவில்லை. ஒரு விளையாட்டை எழுதிக் கொண்டுவந்தார். திரையில் ஒரு டவுன் பஸ் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கிளம்பும். ஆடுபவர்தான் கண்டக்டர். ஏறுகிற ஒவ்வொருவர் தலைக்கு மேலும் போக வேண்டிய ஊர் பெயர் வரும். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். அதைத் தப்பில்லாமல் டைப் அடித்தால் டிக்கெட். எல்லோருக்கும் கொடுத்து முடித்து டபுள் விசில் அடித்தால் வண்டி நகரும். நடுவழியில் செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத ஆள் ஒருத்தர் மாட்டினாலும் ஆட்டம் முடிந்தது. தாமதித்தால் பயணிகள் வேறு ஏசுவார்கள்: "இன்னாப்பா கண்டக்டரு, தூங்கிக்கினு வர்றியா?" மிஸ் தினமும் பஸ்ஸில் காதில் வாங்கிய பேச்செல்லாம் அதில் இருந்தது.

அதை ஆடுவதற்காகவே ஜெசிந்தா முதல் ஆளாக வந்து நிற்பார். அவருடைய விரல்களுக்குத் தமிழ் எழுத்துகள் பழகியது அந்த பஸ்ஸில்தான். பிறகு மிஸ்ஸுக்குக் கல்யாணமானது, சென்டரும் மூடப்பட்டது. ஜெசிந்தா தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தார்.

பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் இலவச மென்பொருள் ஒன்று இருப்பதை ஜெசிந்தா தேடித் தெரிந்துகொண்டார். முதல் ஃபிளாப்பி முழுசாக வந்தது. கீச்சென்று இரண்டு விசில். வலப்பக்கமிருந்து பஸ் குலுங்கிக்கொண்டே வந்து நின்றது. ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்ததில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் ஏறிய பயணி தலைக்கு மேல் ஊர் பெயர் இல்லை. சிந்திய ரவைபோல வெறும் புள்ளிகள். தமிழ் எழுத்துகளின் வடிவமெல்லாம் இரண்டாவது ஃபிளாப்பியில் இருந்திருக்கிறது. அதில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துப் பார்த்தார், வேறு டிரைவில் போட்டுப் பார்த்தார். எந்த டிரைவும் அதைப் படிக்கவில்லை.

"பஸ்ஸு வந்துச்சில்ல, அது போதாதா?" என்று கேட்டார் தேவசகாயம்.

"எங்க போவுதுன்னே தெரியாத பஸ்ஸ வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார் ஜெசிந்தா.

கூடப் படித்த கலையரசி திண்டிவனத்திலேயே இருந்தார். அவரிடமும் நகல் இல்லை. ஆனால் மிஸ் வாழ்க்கைப்பட்டதும் மரக்காணம் பக்கத்துக் குப்பம்தான் என்று ஊர் பெயரைச் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெசிந்தா பஸ் ஏறிவிட்டார்.

சூர்யகலா மணலில் வலை விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜெசிந்தா சற்றுத் தள்ளி நின்று, "கலா மிஸ்" என்று கூப்பிட்டார்.

சூர்யகலா நிமிர்ந்து பார்த்தார். அவரை அப்படி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

"யாரும்மா நீ?"

"ஜெசிந்தா, மிஸ். டபுள் விசில் கெடச்சிடுச்சு."

சூர்யகலா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "அதுவா? இன்னுமா இருக்குது அது? அந்தாளு அழிச்சிட்டதால்ல சொன்னாரு!"

அந்தாள் என்றது சென்டர் முதலாளியை. விளையாட்டின் முதல் திரையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அன்றைக்கு இவர் கேட்டிருக்கிறார். சென்டரில் செய்தது சென்டருக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நகல் கேட்டுப் போனபோது, எல்லாம் அழித்தாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"எழுத்து மட்டும் போயிடுச்சு மிஸ். நீங்க வந்தா சரி பண்ணிடலாம்."

"நானா? போன்ல கருவாட்டு ஆர்டர் பாக்குறதோட சரி. அதெல்லாம் மறந்தே பூட்டேன்."

"நீங்க வாங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

மறுவாரமே சூர்யகலா விழுப்புரம் வந்துவிட்டார். முதல் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தான் எழுதிய நிரல் முதல் ஃபிளாப்பியில் அப்படியே இருப்பதைக் கண்டதும்தான் பேச்சு வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் புள்ளிகள், புள்ளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர் என்று கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வந்தது.

"இதத்தான் மிஸ் நான் தெனமும் பண்றேன்" என்று ஜெசிந்தா தன் டிசைன் ஒன்றைக் காட்டினார். மயிலின் கழுத்துகூட வெறும் கட்டங்களும் தையல் புள்ளிகளும்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளை வரைய ஆரம்பித்தார்கள்.

வரைந்ததை ஏற்றி முதன்முதலாக ஓட்டியபோது எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறி நின்றது. ஜெசிந்தாவுக்கு முகம் வாடிவிட்டது. சூர்யகலாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதே பேஜாருதாண்டி அப்பவும்! நானும் இப்பிடித்தான் திருப்பிப் போட்டேன். இரு இரு, எங்க மாத்தணும்னு தெரியும்." அந்தத் தப்புதான் அவருக்கு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குமேல் அவர் விரல் நிற்கவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது 'ழு'. அது கட்டத்துக்குள் அடங்காமல் அடம்பிடித்தது. சுழியைக் குறுக்கினால் வேறு எழுத்தாகத் தெரிந்தது, வாலை வெட்டினால் அசிங்கமாக இருந்தது. ஜெசிந்தா சின்ன பேட்ஜில் பெரிய பெயரைத் தைக்கும்போது செய்வதுபோல, நடுவில் ஒரு புள்ளியை எடுத்து ஓரத்தில் சாய்வாக வைத்துப் பார்த்தார். பஸ் வந்தது. மல்லாட்டை மூட்டையோடு ஒருத்தர் ஏறினார். அவர் தலைக்கு மேல் 'விழுப்புரம்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

சூர்யகலா ஜெசிந்தாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு நிரலைத் திறந்து, முதல் திரையில் சென்டர் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தானே டைப் அடித்தார். 'உருவாக்கியவர்: சூர்யகலா'. நிறுத்தி யோசித்து, அடுத்த வரியில் 'மீட்டவர்: ஜெசிந்தா' என்றும் சேர்த்தார். வேண்டாம் என்று ஜெசிந்தா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலையரசி பழைய தோழிகளையெல்லாம் திண்டிவனத்தில் ஒரு சின்ன மண்டபத்துக்கு வரவழைத்திருந்தார். சுவரில் பெரிதாக பஸ் ஓடியது. வங்கியில் இருப்பவரும் இட்லிக்கடை வைத்திருப்பவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல அடுத்தது யார் என்று சண்டை போட்டார்கள். சூர்யகலாவின் கணவர் இளவழகன் கடலுக்குப் போகாமல் வந்திருந்தார். அவர் ஆடியபோது ஒருத்தருக்கும் டிக்கெட் கொடுக்காமல் விசில் மட்டும் அடித்துக்கொண்டே போனார்.

"எல்லாம் நம்ம ஜனந்தானே, ஏறி வரட்டும்!" என்றார். செக்கிங் ஏறி ஆட்டம் முடிந்தது. மண்டபமே அதிர்ந்தது.

விளையாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டார்கள். துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் ஆடினார்கள். அதன்பின் ஜெசிந்தாவின் கடைக்குத் துணியோடு ஃபிளாப்பிகளும் வரத் தொடங்கின. அனந்தபுரத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தான் எழுதிய தாய விளையாட்டைக் கொண்டுவந்தார். அதையும் ஜெசிந்தா ஓடவைத்துவிட்டார். இன்னொருவருடையது அரைகுறையாகத்தான் வந்தது. அதை இன்னும் அவர் விடவில்லை.

போன மாதம் சீருடையில் பெயர் தைக்க ஒரு கண்டக்டர் வந்தார். பெயர் தாண்டவராயன், புதுச்சேரி பஸ்ஸில் வேலை. விளையாட்டைத் தன் போனில் ஆடியதாகச் சொன்னார். ஆனால் முகத்தில் திருப்தி இல்லை.

"எல்லாம் சரிங்க. எங்க கண்டமங்கலம் எங்க? அந்த ரூட்டே இல்லியே. நான் மட்டும் எதுக்குங்க திண்டிவனத்து ரூட்டுல டிக்கெட் குடுத்துக்கினு இருக்கணும்?"

ஜெசிந்தா அங்கேயே மரக்காணத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் கடல் இரைச்சலும் சூர்யகலாவின் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.

"நியாயமாத்தான கேக்கறாரு. வளவனூரு, கண்டமங்கலம், வில்லியனூரு... புதன்கிழமை வர்றேன்னு சொல்லு. கூட்டம் எந்த ஸ்டாப்புல அதிகம்னு அவர கேட்டு வெய்யி."

தாண்டவராயன் துணி அளக்கும் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, காலை நேரத்தில் வளவனூரில் ஏறுகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.