அப்பா எங்களைக் கனடாவுக்குக் கூட்டிச் சென்ற காரணம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அப்பா இல்லாமல் எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு போய்விட்டது. அவருடைய நற்குணங்களைத் தம்பி முன்பக்கங்களில் எழுதியிருக்கிறான். ஒன்றுக்கும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "அப்பா அதிகம் பேசாதவர்" என்று அவன் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனதை என்னால் அப்படிச் சும்மா விட முடியவில்லை. பேசாத மனிதரோடு ஒரு வீட்டில் இருந்து பாருங்கள், சந்தேகம் தானாக வரும். எனக்கோ அது பிறவிக் குணம். ஒருமுறை அப்பாவை மிக மோசமாகச் சந்தேகித்தேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி வேறெதை எழுதினாலும் எனக்கு மனம் ஆறாது.

அப்பா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனார் இளவயதிலேயே காலமானதால் படிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சகோதரிகள் மூவரையும் கரைசேர்த்த பிறகே தமக்கென்று ஒரு வாழ்வை நினைத்தார். அதே கடையில் அவருடன் வேலை செய்தவர்தான் அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் சின்னமாமா. அப்பாவுக்கு உயிர் நண்பர். தன் அக்காவை அப்பாவுக்குப் பேசி முடித்து வைத்தவரும் அவரே. எண்பதுகளின் நடுவில் அப்பா லண்டனுக்கு வந்தார். பின்னர் அம்மாவையும் எங்கள் இருவரையும் அழைத்தார். சின்னமாமா ஊரிலேயே இருந்துவிட்டார். அம்மாவின் மூத்த சகோதரியான பெரியம்மா கனடாவில் கல்கரிக்குப் போய்ச் சேர்ந்தார். லண்டனில், நோர்பரியில், அப்போது எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பமென்று நாங்கள் மட்டுமே இருந்தோம்.

அப்பா பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தார். ஞாயிறு, திருவிழா, காய்ச்சல் எதுவும் பாராத வேலை. சவுத்தென்ட் கடற்கரைக்கு ஒரு நாளாவது கூட்டிப்போங்கள் என்று நாங்கள் மூன்று கோடை காலமாகக் கெஞ்சியும் அசையாத மனிதர், ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சொன்னார்:

"வாற கிழமை கனடாவுக்குப் போறம். லீவு போட்டாச்சு."

அம்மா கறிக்கரண்டியோடு வெளியே வந்தார். "என்ன திடீரெண்டு?"

"உம்மடை அக்காவைப் பார்த்து எத்தினை வருசம்? வழியிலை மற்றச் சொந்தக்காரரையும் பார்த்துக்கொண்டு போவம்."

எங்கள் பயணப் பத்திரங்களை எங்களுக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டு போய் விசாவும் வாங்கி வைத்திருந்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இது சும்மா வந்த உறவுப்பாசம் இல்லை என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். எனக்கு அப்போது இருபது வயது. இருபது வயதுப் பெண்ணை ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பன் திடீரென்று கனடாவுக்குக் கூட்டிப்போனால் அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? மாப்பிள்ளைதான்! தம்பியோ, அப்பா வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடியேறப் போகிறார் என்று தன் பாட்டில் பயந்துகொண்டிருந்தான்.

வின்னிபெக்கில் இறங்கினோம். அங்கே அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. மாமாவும் மாமியும் வாசலிலேயே அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். பயணக் களைப்போடு சாப்பாட்டு மேசையில் போய் இருந்தால் பருப்பு, கத்தரிக்காய், கீரை, பொரித்த அப்பளம். அம்மாவின் முகம் கறுத்தது. அறைக்குள் வந்ததும் என் காதுக்குள் பொரிந்தார்.

"கடல் தாண்டி வந்த சனத்துக்கு ஒரு கோழி அடிக்கக் கூடவோ மனம் வரேல்லை? எங்களை என்னெண்டு நினைச்சினம்?"

மறுநாட் காலை அப்பாவும் மாமாவும் கராஜுக்குள் நின்று கதைப்பது எனக்குக் கேட்டது. கேட்டது என்ன, கதவோடு ஒட்டி நின்று கேட்டேன்.

"அத்தான், இஞ்சை வேண்டாம். கல்கரியிலை வைச்சுச் சொல்லுங்கோ. எனக்கு அந்தத் தைரியம் இல்லை."

"நீர் பக்கத்திலை நிண்டால் காணும். நான் சொல்லுறன்."

"ஐயோ, ஏலாது அத்தான்."

பிறகென்ன, மாப்பிள்ளை கல்கரியில் இருக்கிறார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

வாடகைக் காரில் மேற்கே புறப்பட்டோம். புறப்பட்ட நேரத்தில் பிடித்த மழை விடவேயில்லை. இரண்டு பக்கமும் கோதுமை வயல், அதற்கப்பால் இன்னும் கோதுமை வயல். ஒரு மலையோ மேடோ கிடையாது. மணிக்கொரு முறை தொலைவில் ஒரு தானியக் களஞ்சியம் தெரியும். கிட்ட வரும், போகும். வழமைக்கு மாறான பக்கத்தில் ஓடிப் பழக்கமில்லாததால் அப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஓட்டினார். பொறுக்க மாட்டாமல் நான் பின்னாலிருந்து கேட்டேன்.

"ஆர் அந்த மாப்பிள்ளை?"

"எந்த மாப்பிள்ளை?"

"கல்கரியிலை எனக்குப் பார்த்து வைச்சிருக்கிறவர்!"

தம்பி சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார்.

"பொய்! உங்கடை வாயாலை எப்பவாவது ஒரு உண்மை வந்திருக்கே? எல்லாம் கள்ளத்தனம்!"

அம்மா என்னை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அப்பா சற்றுத் தூரம் ஓட்டி, காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். வயலைப் பார்த்துக்கொண்டு மழைக்குள் நின்றார். நான் அதையும் நடிப்பென்றே நினைத்தேன். நனைந்த சட்டையோடு திரும்பி வந்து காரை எடுத்தார்.

அன்று பின்னேரம் ரெஜைனாவில் அம்மாவின் உறவுக்கார மாமி ஒருவர் வீட்டில் தங்கினோம். அங்கேயும் மரக்கறிச் சாப்பாடு. அங்கேயும் அம்மாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. "சாப்பிடும், நல்லாச் சாப்பிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அம்மாவின் தட்டை நிறைத்தார். இந்த முறை அம்மா கோபப்படவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தார்.

"பிள்ளை, அப்பாவுக்கு ஏதோ பெரிய வருத்தம், மாறாத நோய்."

"என்னம்மா விசர்க் கதை கதைக்கிறீங்கள்?"

"லண்டனிலையே தொடங்கிட்டுது. ரெண்டு கிழமையா மீன், இறைச்சி, ஒரு மச்சமும் தொடேல்லை. கேட்டால் வயிறு சரியில்லையாம். மீனில்லாமல் ஒரு நாள் சோறு திண்ட மனிசனே அவர்? நித்திரையும் இல்லை. டொக்டர் ஏதோ சொல்லிப்போட்டார். அதுதான் கடைசியா எல்லாரையும் பார்க்க வெளிக்கிட்டிருக்கிறார். இவையள் என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தனியே? தாலியறுத்தவளைப் பார்க்கிற மாதிரி."

என் சந்தேகமெல்லாம் ஒரு நொடியில் இடம் மாறியது. கட்டிப்பிடித்த கைகள், கராஜுக்குள் நடந்த பேச்சு, தைரியமில்லை என்ற மாமா, எல்லாம் அம்மா சொன்னதற்கே பொருந்தின. அந்த மனிதரையா நான் கள்ளன் என்றேன்? மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே!

மறுநாள் மீண்டும் காரில் புறப்பட்டோம். அம்மா தோடம்பழத்தை உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக அப்பாவின் வாயில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் முன்னால் அம்மா அப்படிச் செய்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. அப்பா அதை ஏன் என்று கேட்கவுமில்லை.

கல்கரியில் பெரியம்மா மழையோடு மழையாக, செருப்பும் இல்லாமல் வாசலுக்கு ஓடி வந்தார். அவர் வாய் திறக்குமுன் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் சொல்லவேணும். உம்மடை தம்பி எங்களை விட்டிட்டுப் போட்டான். ஊரிலை ஷெல் விழுந்தது. கொழும்பிலையிருந்து எனக்கு ரெலிபோன் வந்து பதினாறு நாள்."

அம்மா அவரையே பார்த்தபடி நின்றார். பிறகு அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினார்.

"அப்ப உங்களுக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே? உங்களுக்கு ஒண்டும் இல்லையே?"

"எனக்கென்ன? எனக்கு ஒண்டுமில்லை."

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா குழறி அழுதார். பெரியம்மா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அக்காவும் தங்கையும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அந்த ஈர முற்றத்தில் அழுதார்கள். செத்தவீட்டுக் காலத்தில் மீனோ இறைச்சியோ சமைக்கக்கூடாது என்பதனால் வழியெல்லாம் எங்களுக்கு மரக்கறி கிடைத்தது. அப்பாவும் அதற்காகவே மீனை விட்டிருந்தார். இது அம்மாவுக்கும் தோன்றவில்லை, எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கும் எனக்கும் தோன்றவில்லை.

பெரியம்மா வீட்டுக் கராஜ் கதவோரம் அப்பா தனியே நின்றார். அவருக்கும் அது உயிர் நண்பனின் சாவு. பதினாறு நாளாக அவர் யாரோடும் அழவில்லை. நான் போய் அவருடைய கையைப் பிடித்தேன். அப்போதுதான் அழுதார்.

ஏன் லண்டனிலேயே சொல்லவில்லை என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "அங்கை அம்மா ஆரைக் கட்டிப்பிடிச்சு அழுவா?" என்றார். அது சரி. ஆனால் நேரே கல்கரிக்குப் பறந்திருக்கலாமே, ஏன் அந்த நீண்ட ரோட்டு என்று கேட்டதற்கு, சீட்டுக் கிடைக்கவில்லை என்றார். அதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. இன்னும் சில நாட்களுக்கு அம்மா தம்பி உள்ளவளாக இருக்கட்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார். இதுதான் அவரைப் பற்றி எனக்கு மிஞ்சியிருக்கும் கடைசிச் சந்தேகம்.

அதற்குப் பின் பத்து ஆண்டுகள் அப்பா எங்களோடு இருந்தார். எனக்கு நான் விரும்பியவரையே மணம் முடித்து வைத்தார். சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து நான்கு நாட்கள் வைத்தியசாலையில் இருந்து, எவருக்கும் பாரமில்லாமல் கண்மூடினார். அம்மா குளித்துவிட்டு வருவதற்காக வீட்டுக்குப் போயிருந்த நேரம். தம்பியும் நானும் தாழ்வாரத்தில் நின்று, அம்மாவிடம் "நீ சொல்லு, நீ சொல்லு" என்று ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளினோம்.

இப்போது நன்றி சொல்ல வேண்டும். நான்கு நாளும் அப்பாவைத் தாய்போல் பார்த்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை முறைப்படி செய்துதந்த குருக்களுக்கும், சமையலைத் தங்கள் பொறுப்பில் எடுத்த டூட்டிங், ஃபாரஸ்ட் கேட் உறவுகளுக்கும், மூன்றாம் நாளே வந்து சேர்ந்த பெரியம்மாவுக்கும் எங்கள் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் வீட்டை அடைந்தபோது எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் உள்ளே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்ட நோர்பரித் தெருப் பெண்களே, உங்களுக்கு. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், சின்னமாமா இறந்தபோது, நீங்கள் அங்கே இருக்கவில்லை. அப்பா போன அன்று எட்டுப் பேர் இருந்தீர்கள். அம்மா தனியே அழவில்லை.

இதை எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்கரி வாசலில் தான் கேட்டதை வெட்டிவிடச் சொல்வார் என்று பயந்தேன். செத்த தம்பிக்கு அழுமுன் கணவனைக் கேட்டதற்காக அம்மா எவ்வளவு காலம் வெட்கப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். வெட்ட வேண்டாம் என்றார். அதைப் பற்றி அப்பாவிடம் ஒருமுறை சொல்லி அழுததாகவும், அப்பா சொன்ன மறுமொழியையும் சேர்த்து எழுதும்படியும் சொன்னார். அப்பா சொன்னது இவ்வளவுதான்:

"அவன் உயிரோடை வந்து நிண்டிருந்தாலும் அதைத்தான் முதல் கேட்டிருப்பான். எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே எண்டு."