வீட்டு பிளக் போதும் என்று சொன்னவன் நான்தான்

"அண்ணாச்சி, காரைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு. மழையில குளுந்து கெடக்கதுனாலயா?"

அருமனையிலிருந்து ஸ்டீபன் போனில் இப்படிக் கேட்டபோது, நான் கருங்கல்லில் என் வீட்டில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன். கார் சர்வீஸ் சென்டரில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவன். குளிருக்கும் சுருக்குக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

"சார்ஜில போட்டிருக்கியா?"

"ஆமா, காலத்தே எட்டு மணிக்குப் போட்டது."

"யாரும் வண்டியத் தொடாண்டாம். ஓடிப்போய் மெயின…" என்று சொல்லும்போதே லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் போகவில்லை.

சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கொட்டுகிற மழை. மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் நாலு தடவை நிறுத்திப் போன் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய காருக்காக நான் ஏன் இப்படி ஓடினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. நான் எக்ஸ்பெர்ட் ஆனது

ரிட்டயர் ஆன பிறகு, வீடியோ சேனல் நடத்துகிற ஒருவர் என்னிடம் வந்தார். "சும்மாதான இருக்கீரு? பிளக்-இன் ஹைபிரிட் ஒண்ண ரிவ்யூ பண்ணும் வே" என்றார். பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரியும் இருக்கும் வண்டி அது. ஷோரூமில் மூன்று நாள் தந்தார்கள். மைலேஜ், பிக்கப், சஸ்பென்ஷன் எல்லாம் நேர்மையாகவே பார்த்தேன். ஒருவரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. குறையைக் குறை என்றே சொன்னேன்.

கடைசியில் கேமராவைப் பார்த்து, "சார்ஜிங் ஸ்டேஷன் தேடி அலையாண்டாம். வீட்டுல கெடக்க பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் போதும்" என்றேன். மூன்று நாளும் நான் சார்ஜ் போட்டது ஷோரூம் ஷெட்டில். அங்கே வயரிங் பக்கா.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஸ்டீபன் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் செகண்ட் ஹேண்டில் அதே வண்டியை வாங்கினார். சேனல்காரரிடம் என் நம்பரை வாங்கிப் பேசி, ஒரு நாள் வரச் சொல்லி வீட்டுக்கு வழியும் சொல்லியிருந்தார். வீட்டில் செருகியதும் சார்ஜரில் சிவப்பு லைட். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் இல்லை என்று அர்த்தம். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஸ்டீபன் கூப்பிட்ட வயர்மேன், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் முறுக்கிவிட்டுப் போய்விட்டார். உடனே பச்சை லைட். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அவர் இப்படிச் செய்து பழகியவர்.

இது கொலைகார வேலை. லைனில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு வயர் வழியாகக் கரண்ட் நேராகக் காரின் பாடிக்கு வந்துவிடும். சார்ஜருக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஸ்டீபன் வீட்டில் துண்டு வயர் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் சுருக்கு என்றதும் மனசு அங்கேதான் போனது.

2. கரண்ட் போன வீடு

போய்ச் சேர்ந்தபோது வீடு இருண்டு கிடந்தது. ஸ்டீபன் வராந்தாவில் நின்றார்.

"கரண்ட் போயாச்சு அண்ணாச்சி. இனி ஒண்ணும் பேடிக்காண்டாம்."

அப்பாடா என்று ஹெல்மெட்டைக் கழற்றினேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜன்னலில் டியூப் லைட் எரிவதைப் பார்த்தேன். அப்படியென்றால் இந்த வீட்டுக்கு வருகிற நியூட்ரல் மட்டும்தான் அறுந்திருக்க வேண்டும்!

ஸ்டீபனின் மனைவி ஜெபா, காருக்குள் கிடந்த குடையை எடுக்க முற்றத்தில் இறங்கியிருந்தார். வெறுங்கால். ஈர சிமெண்ட். கை கதவுப் பிடிக்குப் போகிறது.

"ஏட்டி! தொடாத!"

அடுத்தவன் பெண்டாட்டியை நான் ஏட்டி என்று கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் அப்படியே நின்றார். விரலுக்கும் கதவுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

"லைட்டே எரியல்லியே, பிறவு எப்பிடி?" என்றார் ஸ்டீபன். காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு ஏறி நின்று, வீல் நட்டில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. திரும்பிப் போக நியூட்ரல் இல்லாததால்தான் லைட் எரியவில்லை, வந்த கரண்ட் காரின் பாடியில் நின்றது. ஸ்டீபன் ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஜெபா வராந்தாவில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

ஸ்டீபன் கோபப்படவில்லை. "நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்னு நம்பினேன் அண்ணாச்சி" என்றார். அதற்குப் பதிலாக அவர் என்னை ஒரு அடி அடித்திருக்கலாம்.

3. சொன்னதில் பொய் இல்லை

அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். சேனல்காரர் சிரித்தார். "அதுதான் நல்லா ஓடுது. நீரு சொன்னதுல என்ன வே பொய்?"

பொய் இல்லைதான். எர்த் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ரிவ்யூவை நம்பலாமா என்று இப்போது கேட்கிறவர்களிடம், வண்டியைப் பற்றிச் சொன்னதை நம்புங்கள் என்கிறேன். சொல்கிறவன் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. எங்கே வைத்துச் சார்ஜ் போட்டான் என்று அவனைக் கேளுங்கள். முதலில் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டுத் தனி எர்த் போட்டு டெஸ்ட் செய்யுங்கள், பிறகு வண்டியைப் பாருங்கள்.

இதையே வீடியோவின் கீழே எழுதிப் போட்டேன். அதற்கும் கீழே அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "சார், உங்க ரிவ்யூ பார்த்து வாங்கியாச்சு. முதல்ல சிவப்பு லைட் வந்துச்சு, வயர்மேன் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டார். நன்றி."

என் போன் நம்பரைப் போட்டு, உடனே கூப்பிடுங்கள் என்று பதில் எழுதினேன். நாலு நாள் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை.