சுப்புராஜ் வாங்கிய லிப்ஸ்டிக்

சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் போடுகிற சுப்புராஜ், வத்தலக்குண்டில் வப்பாட்டி வைத்திருக்கிறான் என்று முதலில் சொன்னது கண்ணுசாமி. சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்த சாட்சி. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஃபேன்சி ஸ்டோரில் சுப்புராஜ் ஒரு லிப்ஸ்டிக்கைத் திறந்து, புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்து, வெயிலில் நீட்டிப் பார்த்தானாம்.

"கட்டுன பொண்டாட்டிக்கு வாங்குறவன் எவனாவது வெயில்ல புடிச்சுப் பாப்பானாய்யா?" என்றான் கண்ணுசாமி.

டீக்கடையில் இருந்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே எடுத்துக் கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு நிறம் வந்தது, உயரம் வந்தது, ரெண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. மறுநாள் மாடி வீடும் கட்டிக் கொடுத்தார்கள்.

மாடியும் இல்லை, பிள்ளையும் இல்லை. லிப்ஸ்டிக் மட்டும் நிஜம். அது யாருக்கு, எதற்கு என்பதுதான் வேறு கதை. அதைக் கேளுங்கள்.

சுப்புராஜோடு கூடப்பிறந்த பிறப்பு ஒன்று உண்டு. ஊர் அதைத் தம்பி என்றது. அக்கா தாவணியைக் கட்டிப் பார்த்ததற்கு அப்பன் விறகுக்கட்டையால் அடித்த அன்று வீட்டை விட்டுப் போனது, திரும்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்தார்கள். திருப்பூர் என்றால் எவனும் மேற்கொண்டு கேட்கமாட்டான். ஆனால் அந்தப் பிள்ளை திருப்பூர் வரைக்கும் போகவே இல்லை. யுவராணி என்று பேர் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். சுப்புராஜுக்கு அது தெரியும். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது பூக்கடை வரிசை வந்தால் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பான்.

ஒருநாள் ஷப்னம் என்று ஒருத்தி போன் போட்டாள். யுவராணியோடு ஒரே அறையில் இருப்பவள், அவளும் இவளைப் போலத்தான்.

"அண்ணே, யுவராணிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வலது கை வரல. ஒங்க நம்பரத்தான் சொன்னா."

சுப்புராஜ் போனான். அவள் முந்தானையால் வாயையும் தாடையையும் பொத்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே," என்றான்.

"ஏலேன்னு கூப்புடாத."

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளாகவே முந்தானையை விலக்கினாள். வாய் கோணியிருந்தது, அதற்காக அவள் மறைக்கவில்லை. தாடி முள்ளு முள்ளாக ஏறியிருந்தது. தினம் விடியுமுன் மழித்து, பூசி, மூடிக்கொண்டு கடைக்குப் போனவளுக்கு இப்போது கை இல்லை. ஷப்னம் ஒருநாள் மழித்துவிட்டு, ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாளாம். அவளைத் தெளிய வைப்பது பெரிய பாடாகிவிட்டது.

"சாகுறதுக்குப் பயம் இல்லண்ணே," என்றாள் யுவராணி. "தாடியோட செத்தா ஆம்பளன்னு தூக்கிட்டுப் போயிருவாக. பொம்பளையாப் போகணும். பொறந்த வீட்டுக் கோடி நீ கொண்டாரணும்."

ஒரு பெண் செத்தால் அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. பெட்டி நிறையப் பட்டு இருந்தாலும் அந்தச் சேலை வராமல் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். இவள் நம் வீட்டில் பிறந்த பெண் என்று நாலு பேர் அறியச் சொல்வதுதான் அது. சுப்புராஜின் மகள் தீபாவுக்கு ரெட்டியார்சத்திரத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"தாடிய நான் பாத்துக்கிறேன்," என்றான். கோடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

மழிப்பது அவனுக்குக் கைவந்த வேலை. மழித்த பிறகும் தாடையில் நிழல் மாதிரி ஒரு நீலம் நின்றது. அதை மூடுவதில்தான் மாட்டினான். சாயப்பட்டறைப் புத்தி அப்படி. துணியில் கறை போகவில்லையா, அதைவிடக் கருத்த சாயத்தில் முக்கு, கறை காணாமல் போகும். அதே கணக்கில் கடையில் இருந்ததிலேயே கருத்த ஃபவுண்டேஷனாக வாங்கி வந்து, தாடையில் அழுத்தித் தேய்த்தான்.

யுவராணி கண்ணாடியைப் பார்த்தாள். கோணல் வாய் இன்னும் கோணியது. சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்குச் செத்த நேரம் ஆனது.

"அண்ணே, கரிமூட்டைக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தவளாட்டம் இருக்கேன். மூஞ்சியத் துணின்னு நெனச்சியா?"

"கருப்ப மூடக் கருப்புத்தான வேணும்?"

"செவப்பு வேணும். ஆரஞ்சு கலந்த செவப்பு லிப்ஸ்டிக்கு வாங்கிட்டு வா. தாடி இருக்குற எடத்துல மட்டும் லேசா ஒத்து. நீலம் செத்துரும். அது மேல நம்ம நெறத்துல ஃபவுண்டேஷன். தேய்க்காத, தேச்சா அடியில உள்ளது கெளம்பிரும். ஒத்தி ஒத்தி எடு. கடைசியாப் பவுடரு."

அந்தச் சிவப்பைத்தான் அவன் வெயிலில் பிடித்துப் பார்த்தான். சாயக்காரன் கடை விளக்கை நம்பமாட்டான்.

அப்புறமும் சுலபத்தில் வரவில்லை. ஒருநாள் சிவப்பு கூடி, கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி இருந்தாள். ஒருநாள் மழித்த சூடு ஆறுமுன் பூசி, எரிச்சலில் கண்ணீர் விட்டாள். பூசியதெல்லாம் கரைந்து ஓடியது. விரலெல்லாம் சிவப்போடு வீட்டுக்குப் போனாலும் யாரும் கேட்கவில்லை. சாயக்காரன் கை என்றைக்கு வெள்ளையாக இருந்தது?

ஆனால் கண்ணுசாமியின் செய்தி அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. பொண்டாட்டி அழகம்மாள் தட்டை நங்கென்று வைத்தாள். சோறு, ரசம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது.

"மகளக் கட்டிக் குடுக்குற வயசுல எவளுக்கோ ஒதட்டுச் சாயம் கேக்குதாக்கும்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சுப்புராஜ் ஒரு கணக்குப் போட்டான். வப்பாட்டி வைத்தவன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பான், அதெல்லாம் ஊரில் நடப்பதுதான். யுவராணி விஷயம் தெரிந்தால் ரெட்டியார்சத்திரத்துக்காரர்கள் தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்கள். ரசத்தைப் பிசைந்து தின்றான். வதந்தி அவனுக்குக் குடையாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் முகம் அச்சாக அமைந்தது. தாடை எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. யுவராணி கண்ணாடியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, என்னயக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல செத்த நேரம் ஒக்கார வையேன். பூக்காரிகளப் பாத்துட்டு வந்துருவோம்."

பஸ் ஸ்டாண்டில் எப்போதும் சின்னாளபட்டிக்காரன் ஒருத்தன் நிற்பான்.

"வெயிலா இருக்கு," என்றான்.

வெளியே காலையிலிருந்து தூறல். தகரத்தில் விழுகிற சத்தம் ரெண்டு பேருக்கும் கேட்டது.

"ஆமாண்ணே, வெயிலுதான்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் கூட்டிப்போகச் சொல்லவில்லை. அந்த மாதமே, அவன் சாயத்தொட்டியில் கைவிட்டிருந்த ஒரு காலையில், ஷப்னம் போன் போட்டாள்.

"போயிட்டா, அண்ணே. தாடி வந்துருக்கு, வெரசா வாங்க." மூக்கை உறிஞ்சினாள். "கோடி நாங்களே எடுத்துக்கிறோம். ஒங்களுக்குச் சங்கடம் வேணாம்னு அவதேன் சொல்லி வச்சிருந்தா."

சுப்புராஜ் கையைக்கூடக் கழுவவில்லை. நேராகக் கடைவீதிக்குப் போய், அவனே சாயத்தில் முக்கியெடுத்த அரக்குச் சிவப்புச் சுங்குடிச் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு கடைப் படியிறங்கினான். எதிரே கண்ணுசாமி, கூட நாலைந்து பேர்.

"என்னப்பு, புதுச்சீலையா?" கண்ணுசாமி கண்ணைச் சிமிட்டினான். "வத்தலக்குண்டுக்குத்தான? அன்னைக்கு லிப்ஸ்டிக்கு, இன்னைக்குச் சுங்குடி. அடுத்து தாலியா?"

கூட்டம் சிரித்தது. சுப்புராஜ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். லிப்ஸ்டிக் இருந்தது.

"வப்பாட்டிக்கு எவன்டா கோடி எடுப்பான்? செத்துக் கெடக்குறது எந் தங்கச்சி. நீங்க தம்பின்னு சொன்னீங்களே, அவதான். அந்த லிப்ஸ்டிக்கு அவ ஒதட்டுக்கு இல்லடா, தாடிக்கு. தள்ளு, பஸ்ஸு வருது."